இலையில் எதன் பக்கத்தில் எது?

அனைவருக்கும் வணக்கம். இன்று மதியம் ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். செய்முறையை விட்டுவிட்டு, என்னென்ன சமைப்பது என்பதை எப்படி முடிவு செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

சென்ற முறை விருந்தினர் வந்தபோது கத்தரிக்காய் காரக்குழம்பு, தக்காளி ரசம், உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய் வறுவல் என்று சமைத்திருந்தேன். தனித்தனியாக எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பரிமாறி முடித்து நிமிர்ந்து பார்த்தால் இலை முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தது. வாயில் புளியையும் மிளகாயையும் தவிர வேறொன்றும் நிற்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் இரண்டாவது கவளத்திலேயே, "கொஞ்சம் தயிர் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

ஆகவே இந்த முறை குழம்பை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதற்கு எதிராக நிறுத்தினேன். குழம்பு, சுண்டைக்காய் வத்தக்குழம்பு. நிறம் கருமை, சுவையோ புளிப்பு, காரம், இலேசான கசப்பு. சுண்டைக்காயை உப்பு கலந்த மோரில் ஊறவைத்துத்தான் வற்றல் போடுகிறோம். உப்பு கசப்பை அடக்கும் என்பது ஆய்விலும் தெரியவந்திருக்கிறது, 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. இறக்கும் முன் ஒரு சிறு துண்டு வெல்லமும் போட்டிருக்கிறேன்.

இவ்வளவு முரட்டுத்தனமான குழம்புக்குப் பக்கத்தில் புளியே இல்லாத ஒன்று இருந்தாக வேண்டும். அதனால்தான் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்த புடலங்காய்க் கூட்டு. ரசமும் புளி கரைக்காத எலுமிச்சை ரசம்.

இங்கே பாருங்கள், இது பீன்ஸ் பொரியல். இதன் பச்சை மங்காமல் இருப்பதற்குக் காரணம், முதல் சில நிமிடங்கள் நான் மூடி போடவில்லை என்பதுதான். புளிப்பு பட்டால் பச்சையம் பழுத்த இலை போல மங்கிவிடும். காய் வேகும்போது அதிலிருந்தே வெளிவரும் அமிலங்களும் மூடிய பாத்திரத்துக்குள் அதே வேலையைச் செய்யும். ஆப்பசோடா போடுபவர்களும் உண்டு. பச்சை பளிச்சென்று நிற்கும்தான், ஆனால் காய் குழைந்துவிடும். அதோடு மஞ்சள்தூள் சேர்ந்திருந்தால் அது சிவக்கவும் தொடங்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நீர் சிவக்கிறதே, அதே காரணம்தான் இங்கும்.

பீட்ரூட்டைப் பொரியலாக வைத்தால் அதன் சாறு ஓடிப்போய்க் கூட்டையும் சோற்றையும் தொட்டுவிடுகிறது. அந்தத் திட்டுத்திட்டான சிவப்பை எனக்குப் பார்க்கவே பிடிக்காது. தயிர்ப் பச்சடியாகச் செய்துவிட்டால் முழுவதும் ஒரே சீரான இளஞ்சிவப்பாகிவிடும், அப்போது அது தவறி நேர்ந்தது போலத் தோன்றாது. தயிரில் உள்ள புரதம் மிளகாயின் காரத்தையும் தணிக்கும் என்பதால், வத்தக்குழம்பு ஊற்றும்போது கை எட்டும் இடத்தில் இந்தப் பச்சடி இருக்க வேண்டும்.

அறுசுவையில் துவர்ப்பு ஒன்றுதான் பாக்கி. முறைப்படி வாழைப்பூ வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பூவாகப் பிரித்து, உள்ளே இருக்கும் கள்ளன் என்கிற நரம்பை எடுத்து, கறுக்காமல் இருக்க மோரில் போட்டு வைக்கும் பொறுமை இன்று எனக்கு இல்லை. துவர்ப்பை, சாப்பிட்டு முடித்ததும் வரும் வெற்றிலை பாக்கிடம் ஒப்படைத்துவிட்டேன்.

பாயசம்? வெல்லப் பாயசம் வைத்தால் இலையில் இன்னொரு கருமை சேர்ந்துவிடும் என்பதால் பால் பாயசம். நிறம் பொருந்துகிறது, சுவையிலும், காரம் அடங்காத நாக்குக்குப் பால் இதமாக இருக்கும்.

இத்தனையும் மென்மையாகவே இருக்கின்றன, மொறுமொறுப்பாக ஒன்றுமே இல்லை என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: அப்பளம் இருக்கிறது, எண்ணெயும் காய்ந்துவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, நான் பொரிக்கப் போகிறேன்.