ஜன்னல் இல்லாத அறை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆடி மாதம் என் அம்மா பதினோரு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம், அவ்வளவுதான் பார்க்க விடுவார்கள். காலையில் பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் போனால், "ரெண்டு நாளா எங்கப்பா போயிட்டே?" என்பார். இன்னொரு நாள், "இப்பத்தானே போனே, அதுக்குள்ள வந்துட்டியே" என்பார். மருந்து மயக்கம் என்று நாங்கள் தேற்றிக்கொண்டோம். அந்த அறையில் ஜன்னல் இல்லை, இரவும் பகலும் ஒரே ட்யூப்லைட் வெளிச்சம் என்பது எட்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மிஷேல் சிஃப்ரின் நினைவு வந்தது. பிரெஞ்சுக்காரர், நிலவியல் ஆய்வாளர். 1962 ஜூலை மாதம், 23 வயதில், ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் இறங்கினார். 130 மீட்டர் ஆழம், உள்ளே உறைந்த பனி. கையில் கடிகாரம் கிடையாது. மேலே இருப்பவர்களோடு பேச ஒரு தொலைபேசிக் கம்பி மட்டும். விழித்தால், சாப்பிட்டால், படுக்கப் போனால் அவர்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் மணி சொல்லக் கூடாது.

பேசும்போதெல்லாம் நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணிக் காட்டுவார். இரண்டு நிமிடக் கணக்கு. எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது! நிதானமாக, சரியாகத்தான் எண்ணுகிறோம் என்று அவர் நம்பினார். செப்டம்பர் 14 அன்று "காலம் முடிந்தது, ஏறி வா" என்றார்கள். அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள் காணாமல் போயிருந்தது.

இத்தனைக்கும் அவர் உடம்பு ஏமாறவில்லை. தூக்கமும் விழிப்பும் சேர்ந்து சுமார் இருபத்துநாலரை மணிக்கு ஒரு சுற்று என்று ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. மனம்தான் நாளைத் தவறவிட்டது. இருட்டில் நேற்றுக்கும் முந்தாநாளுக்கும் வேற்றுமை இல்லை. நினைவுக்குப் பிடிமானம் இல்லை.

பிடிமானம் கூடினால் தலைகீழாகும். 2007-இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஈகிள்மேன் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை வலையில் விழவைத்தார்கள். அடுத்தவர் விழுந்ததைவிடத் தாம் விழ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் நேரம் ஆனதாக விழுந்தவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில் வேகமாக மாறிய எண்களை, தரையில் படிக்க முடியாதது போலவே, விழும்போதும் படிக்க முடியவில்லை. நேரம் உண்மையிலேயே நீண்டிருந்தால் படித்திருக்கலாம். கண்ணுக்கு நேரம் நீளவில்லை. பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிந்தது, பிறகு நீளமாகத் தெரிந்தது என்பதே அவர்கள் விளக்கம்.

அம்மா உளறவில்லை, நண்பர்களே. அவருக்கு அது உண்மையாகவே இரண்டு நாள். வெளியே டீயும் போனும் ஆள் நடமாட்டமுமாக இருந்த எனக்குத்தான் அது ஒரு பகல். என் கணக்கை வைத்து அவரைத் திருத்திக்கொண்டே இருந்தேனே என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

ஒன்பதாம் நாள் சிஸ்டரிடம் கேட்டு, வீட்டு ஹாலில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கொண்டுபோய் அவர் கண்ணில் படும்படி வைத்தேன். அம்மா நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நாலே கால்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாயங்காலமா, விடியக்காலமா?" என்றார்.

"சாயங்காலம்மா. வெளியே இன்னும் வெயில் இருக்கு."