பங்காளிகளின் வீடும் ஊரின் பொறுப்பும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தின் பழைய வீடுகளைக் காக்கும் பொறுப்பு குடும்பத்தினுடையதா, ஊரினுடையதா என்பது இன்றைய தலைப்பு. ஊரினுடையதே என்று வாதிட வந்திருக்கிறேன். ஊர் என்று நான் குறிப்பது ஊராட்சியையும் நகராட்சியையும் அவற்றுக்கு மேலுள்ள அரசையும், அவற்றுக்கு வரி கட்டும் நம் எல்லோரையும்தான். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். வீடு தனியார் சொத்து, அதில் ஊர் தலையிடுவது முறையன்று என்றார். பள்ளிக்கூடக் கூரை ஒழுகும்போது செல்வர் கட்டிய மாளிகைக்குப் பொதுப்பணம் கொடுப்பது அநீதி என்றார். அரசு தன் கையிலுள்ள கட்டடங்களையே காக்கவில்லை, பிறர் வீட்டை எப்படிக் காக்கும் என்றும் கேட்டார். மூன்றுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு முன், செட்டிநாட்டின் ஒரு வளவு வீடு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வீடு, உண்மையில் எப்படி விழுகிறது என்பதை அவையின் முன் வைக்க விரும்புகிறேன்.

கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ கண்டனூரிலோ, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும் வீட்டைக் கட்டியவர் ஒருவர். இன்று அதன் உரிமை அவருடைய பேரர்களின் மக்களிடம் பல பங்குகளாகப் பிரிந்திருக்கிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகளின் சாவிகள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. முன்னோரை வழிபடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் எல்லோரும் கூடுகிறார்கள். மற்ற நாள்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாலே பெரிது. ஐப்பசி மழையில் தாழ்வாரத்து நாட்டோடுகள் நான்கு நழுவுகின்றன. அந்த வாரமே ஆள் ஏறி மாற்றினால் அது சிறிய செலவு. மாற்றாவிட்டால் நீர் உத்தரத்தில் இறங்கும், ஈரம் கண்ட சட்டங்களில் கரையான் ஏறும், சில மழைக்காலங்களுக்குள் தாழ்வாரமே சாயும். அதைப் பழுதுபார்க்கப் பங்காளிகள் அத்தனை பேரும் பணம் போட வேண்டும். ஒருவர் கைவிரித்தால் மற்றவர்களும் தயங்குவார்கள். வீட்டைப் பிரித்து விற்க முடிவு செய்தாலோ, அத்தனை பேருக்கும் பணம் வரும். பர்மாத் தேக்குத் தூணுக்கு விலை உண்டு, செதுக்கிய நிலைக்கதவுக்கு விலை உண்டு, பெல்ஜியம் கண்ணாடிக்கும் விலை உண்டு. அப்படிப் பிரிக்கப்பட்ட வீடுகளின் உறுப்புகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் காணலாம்.

நிற்கும்வரை செலவு, விழுந்தால் வரவு என்ற கணக்கு ஒரு சொத்துக்கு அமைந்துவிட்ட பிறகு, குடும்பத்தின் பாசம் மட்டும் அதைக் காத்துவிடும் என்று எதிரணியினர் நம்புகிறார்கள். நான் அந்தக் குடும்பங்களைக் குறை சொல்லவில்லை. கட்டியவருக்கு இருந்த வருமானம் அவர்களுக்கு இல்லை. ஒற்றை முடிவெடுக்கும் உரிமையும் எவரிடமும் இல்லை. ஆகவேதான் குடும்பத்துக்கு வெளியே ஒரு கை வேண்டும் என்கிறேன்.

தனியார் சொத்து என்ற வாதத்துக்கு வருகிறேன். தனியார் நிலத்தில் எத்தனை மாடி எழுப்பலாம், தெருவிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஊர் இன்றைக்கும் முடிவு செய்கிறது. அதை எவரும் சொத்துரிமையைப் பறிப்பதாகக் கருதுவதில்லை. இங்கிலாந்தை எண்ணிப் பாருங்கள். அங்கே இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான நாட்டுப்புற மாளிகைகளை அவற்றின் சொந்தக்காரர்களே இடித்தார்கள். வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் அவர்களால் தாங்க முடியாதவையாக இருந்தன. அந்த நாடு 1947-இன் நகர், ஊரகத் திட்டச் சட்டத்தின் வழியாகக் கட்டடங்களைப் பட்டியலிடத் தொடங்கியது. பட்டியலில் உள்ள வீட்டில் சொந்தக்காரர் வாழலாம், விற்கலாம், மகளுக்கு எழுதி வைக்கலாம். இடிக்கவோ அதன் இயல்பை மாற்றவோ வேண்டுமானால் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். கவுண்டி எனப்படும் ஒவ்வொரு மாவட்டத்தின் வரலாற்றையும் ஊர் ஊராக எழுதும் பெருந்தொகுதிப் பணி அங்கே அதற்கு முன்பே, 1899-இல், தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எந்தக் கட்டடம் எதற்காக முக்கியம் என்று தெரிந்தால்தான் எதைக் காப்பது என்று முடிவு செய்ய முடியும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நம்மிடமும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழஞ்சின்னங்களை எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டுக்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது. மரபுக் கட்டடங்களுக்கென்றே ஆணையம் அமைக்க 2012-இல் நம் சட்டப்பேரவை தனிச்சட்டம் இயற்றியது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் தற்காலிகப் பட்டியல் என்பது ஒரு நாடு பிற்காலத்தில் முன்மொழிய எண்ணும் இடங்களின் வரிசை மட்டுமே. ஒரு தூண் லாரியில் ஏறுவதை அது தடுக்காது. தடுக்க வேண்டியது நாம்தான்.

இரண்டாவது வாதம் நியாய உணர்விலிருந்து வருவது. அதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். இவை செல்வர் வீடுகள் என்பது உண்மை. ஆனால் அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பின் பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைச்சல் பெருகியது. அதற்கு வேண்டிய கடன் முதலைத் தந்தவர்களில், இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகத்தாரான நகரத்தார் முதன்மையானவர்கள். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிய, கடனுக்கு ஈடாக வைத்திருந்த நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் பயிர்நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அதை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. இந்த வீடுகளின் தேக்கில் பர்மிய உழவரின் இழப்பும் இருக்கிறது, திரைகடல் கடந்தவர்களின் துணிவும் இருக்கிறது, கூடவே சென்ற கணக்கர்கள், சமையற்காரர்களின் உழைப்பும் இருக்கிறது. சுண்ணாம்பைக் கடுக்காய் நீரிலும் கருப்பட்டியிலும் குழைத்து, மேற்பூச்சுக்கு முட்டை வெண்கருவைச் சேர்த்து, பளிங்கு போல் தேய்த்த கொத்தனார்களின் கைத்திறன் சுவரில் இருக்கிறது. தச்சு ஆசாரிகளின் பெயர்கள் எந்த நிலைக்கதவிலும் பொறிக்கப்படவில்லை. இத்தனை பேரின் வரலாற்றை ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம் முடிவு செய்யட்டும் என்பதுதான், என் பார்வையில், பெரிய அநீதி.

இன்னொன்றும் உண்டு. இந்த மாவட்டத்தில் குடும்பச் சொத்துக்கும் ஊர்ச் சொத்துக்கும் இடையே சுவர் எழுப்பிக்கொண்டு எவரும் வாழ்ந்ததில்லை. மழை குறைந்த இந்தச் சீமையில் தெருக்களின் வாட்டமே நீரை ஊருணிக்குக் கொண்டுபோகும்படி அமைக்கப்பட்டது. ஊருணி எல்லோருக்கும் பொது. நகரத்தாரான வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் 1948-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். ஊருக்கு இவ்வளவு கொடுத்த வீடுகள் சாயும்போது ஊர் ஒதுங்கி நிற்பது தகுமா?

கீழடியும் இதே மாவட்டம்தான். மண்ணுக்கு அடியில் கிடைத்த செங்கற்சுவர்களையும் உறைகிணறுகளையும் உலகுக்குக் காட்ட அகழாய்வு நடத்தினோம், 2023-இல் அருங்காட்சியகம் திறந்தோம். அதற்காகப் பெருமைப்படுகிறோம், பெருமைப்படவும் வேண்டும். அங்கே புதைந்துபோன ஒரு வாழ்விடத்தை அதன் துண்டுகளைக் கொண்டு மீட்டெடுக்க முயல்கிறோம். செட்டிநாட்டிலோ வாழ்விடம் தெருவோடும் ஊருணியோடும் கோயிலோடும் முழுதாக நிற்கிறது; அதை நாமே துண்டுகளாக்கிக்கொண்டிருக்கிறோம். வீட்டைக் கழற்றி அருங்காட்சியகத்தில் பொருத்திவிடலாமே என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று அப்படி நிற்கிறது. வேறு வழியில்லாதபோது அது நல்ல பணி. ஆனால் பல ஊர்களை அப்படிக் கொண்டுபோக முடியாது. ஒரு வீட்டுக்கு எதிர்வீடும் தெருக்கோடி ஊருணியும் அங்கே வருவதும் இல்லை.

வீடு போனால் ஏடும் போகும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேரேடுகளும் ஐந்தொகைக் கணக்குகளும், திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானங்களும், சீர்ப் பட்டியல்களும் இந்த வீடுகளின் பெட்டகங்களில் இருக்கின்றன. ஊர் வரலாற்றை ஆராய்பவருக்கு இவற்றைவிட மேலான சான்று எங்கே கிடைக்கும்? கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992-இல் அவர் மறைந்த பின் என்ன ஆயின? சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. அவை பிழைத்தது நம் நற்பேறு. ஆனால் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் முன்வந்ததால் நடந்தது அது. இந்த மாவட்டத்தின் பெட்டகங்கள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது.

மூன்றாவது வாதத்துக்கு எதிரணித் தலைவர் காட்டிய சான்று புதுச்சேரியின் மேரி கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்த நகராட்சிக் கட்டடம் 2014-இல் மழைக்கு இடிந்து விழுந்ததும், பின்னர் அதே வடிவில் புதிதாகக் கட்டப்பட்டதும் உண்மை. ஆனால் அதே புதுச்சேரியில் வைசியாள் வீதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும் மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் வழிகாட்டலோடும் அந்தத் தமிழ்த் தெருவின் திண்ணைகளும் தாழ்வாரங்களும் சீரமைக்கப்பட்டன. வீடுகள் சொந்தக்காரர்களிடமே இருந்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் வந்தது. தரங்கம்பாடியிலும் 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு டேனியர் காலக் கோட்டையோடு நின்றுவிடாமல், சாதாரணக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளையும் இன்டாக் சீரமைத்தது. அரசு ஒரு கட்டடத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு பராமரிக்காமல் விட்டால் அது விழும் என்பதைத்தான் மேரி காட்டுகிறது. நான் கேட்பது அரசு வீடுகளை வாங்க வேண்டும் என்பதன்று. குடும்பம் குடும்பமாகவே அங்கே இருக்கட்டும். தனியாக அவர்களால் முடியாத பங்கை ஊர் ஏற்கட்டும்.

அந்தப் பங்கு எது என்றும் சொல்லிவிடுகிறேன். பிரித்து விற்கும் முன் உள்ளாட்சிக்கு அறிவித்துக் காத்திருக்கும் கடமை வேண்டும். கூரைப் பழுதுக்கு மட்டுமாவது, வீட்டார் போடும் பணத்துக்கு ஈடாக ஊர் போடும் பணம் வேண்டும். பங்காளிகளில் சிலர் மட்டும் முன்வந்தாலும் வேலை தொடங்க அது உதவும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களை உருவாக்கப் பயிற்சி வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும் என்பதை அறியாமல், நல்லெண்ணத்தோடு கெடுக்கப்படும் வீடுகளும் பல. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றித் தளக்கல் வார்ப்பவர்களுக்கும் இதனால் வேலை பெருகும்.

பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறிப் பிழைக்கின்றனவே, சந்தை காக்காதா என்று இறுதியாக எதிரணியினர் கேட்டார்கள். மாறியவை பிழைத்தன, அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஊரில் எத்தனை விடுதிகள் நடக்கும்? பெரிய முகப்பும் ஒற்றை உரிமையாளரும் உள்ள வீட்டைத்தான் சந்தை தேடும். அதே தெருவில் உள்ள நடுத்தர வீட்டையும், அதன் பின்னால் கொத்தனார் குடும்பம் வாழ்ந்த ஓட்டு வீட்டையும் எந்த முதலீட்டாளரும் தேடி வரமாட்டார். அவற்றையும் சேர்த்து, தெருத் தெருவாக, கட்டிய ஆண்டு, கட்டியவர், உழைத்தவர், இன்றைய நிலை என எழுதும் பட்டியல் ஒன்றைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு இந்த மாவட்டம் தொடங்க வேண்டும். அந்தப் பட்டியலுக்குச் சட்டத்தின் வலிமையைத் தர எந்தக் குடும்பத்தாலும் முடியாது, ஊரால் முடியும். ஆகவே பொறுப்பு ஊரினுடையதே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.