இன்ஜின் கூடத்தில் அப்போலோ கோயில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மின் நிலையத்தை மூடினால் அடுத்து என்ன நடக்கும் என்று மின்துறையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். முதலில் செம்பு போகும். அப்புறம் இரும்பு ஏலத்துக்கு வரும். கட்டடம் தப்பித்தால் அதுவே பெரிய விஷயம். ரோம் நகரின் மோந்தெமார்த்தீனி மின் நிலையத்தில் கட்டடத்தோடு இயந்திரங்களும் தப்பித்தன. இன்று அது அருங்காட்சியகம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் விளக்கெரிப்பது தனியார் கையில் இருந்தது. மேயர் எர்னெஸ்தோ நாதன் காலத்தில் நகராட்சியே மின்சாரம் தயாரிக்கலாமா என்று 1909இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் சரி என்றார்கள். 1912இல் ஓஸ்தியென்சே சாலையில் நிலையம் ஓடத் தொடங்கியது. நகராட்சி சேவைகள் பற்றி எழுதிய பொருளாதார அறிஞர் ஜொவான்னி மோந்தெமார்த்தீனி அப்போது நகர ஆட்சிக் குழுவில் இருந்தார். மறு வருடமே அவர் காலமானார். நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இடத்தையும் யோசித்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் தைபர் ஆறு, அதனால் தண்ணீருக்குக் கவலையில்லை. நகரின் சுங்க எல்லைக்கு வெளியே என்பதால் எரிபொருளுக்கு வரியும் இல்லை. கணக்கில் கெட்டிக்காரர்கள்!

நீராவியும் டீசலும் அங்கே சேர்ந்தே ஓடின. கொதிகலனைச் சூடேற்றி நீராவி எடுக்க மணிக்கணக்காகும். டீசல் இன்ஜின் அப்படியல்ல, மாலையில் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் உடனே கிளப்பிவிடலாம். 1933இல் ஃபிராங்கோ தோசி நிறுவனத்தின் இரண்டு ராட்சத இன்ஜின்கள் வந்தன. ஒவ்வொன்றும் 7,500 குதிரைத்திறன். 1963இல் நிலையம் நின்றுபோனது. வருடக்கணக்கில் சும்மா கிடந்ததை, மின்வாரியம் போன்ற ஆச்சேயா நிறுவனம் பின்னால் சீரமைத்தது.

1997இல், ரோம் நகராட்சியின் பழைய சிலைகள் இருக்கும் கேப்பிட்டோலைன் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியில் மராமத்து வேலை நடந்தது. அங்கிருந்த சிலைகளைத் தற்காலிகமாக இங்கே கொண்டுவந்து 'இயந்திரங்களும் தெய்வங்களும்' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். தற்காலிகம் அப்படியே நிரந்தரமாகிவிட்டது. இன்று கறுத்த டீசல் இன்ஜின்களுக்கு நடுவே வெள்ளைப் பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. கூடத்தின் கோடியில், பழைய ரோமில் அப்போலோ தெய்வத்துக்கு இருந்த அப்போலோ சோசியானுஸ் கோயிலின் முகப்புச் சிற்பங்கள். அவை கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் செதுக்கியவை.

இது வெறும் அலங்காரப் பொருத்தம் என்று சிலர் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1870க்குப் பிறகு ரோம் இத்தாலியின் தலைநகரானது. புதுத் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அஸ்திவாரம் தோண்டத் தோண்ட மண்ணுக்குள்ளிருந்து சிலைகள் வந்தன. 1920களிலும் 30களிலும் நகரை இடித்துக் கட்டியபோதும் அதே கதை. ரோமின் லார்கோ அர்ஜென்தீனா சதுக்கத்தில் கிடைத்த அதிர்ஷ்ட தேவதையின் மாபெரும் தலை அப்படி வந்ததுதான். வளர்ந்துகொண்டிருந்த அதே நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தவை இந்த இயந்திரங்கள். எந்த வளர்ச்சி சிலைகளைத் தோண்டி எடுத்ததோ, அந்த வளர்ச்சிக்கு மின்சாரம் தந்த கூடத்திலேயே அவை வந்து சேர்ந்திருக்கின்றன.

லண்டனின் பேங்க்சைடு மின் நிலையமும் 2000இல் டேட் மாடர்ன் என்ற நவீன கலை அருங்காட்சியகம் ஆனது. அருமையான இடம்தான். ஆனால் இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள்; டர்பைன் கூடத்தில் பெயர் இருக்கிறது, டர்பைன் இல்லை. எனக்கு மோந்தெமார்த்தீனிதான் உசத்தி. வால்வு, குழாய், பளுதூக்கி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால்தான் மின்சாரம் எப்படி உருவானது என்று கண்ணால் பின்தொடர முடியும்.

ஒரு ஆபத்தும் உண்டு. சிலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பவர்களுக்கு இன்ஜின் வெறும் பின்னணித் திரை ஆகிவிடும். அந்த இன்ஜினுக்கு எண்ணெய் விட்டவர், ராத்திரி ஷிஃப்டில் அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நின்றவர் பளிங்கில் இல்லை. 1963இல் அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் இன்று நம்மோடு இருக்க வாய்ப்பில்லை. எந்த மின் நிலையத்தை மூடினாலும், இரும்பை எடை போடுவதற்கு முன்னால் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போக வேண்டும் என்பேன்.

ரோம் போகிறவர்கள் கொதிகலன் கூடத்தைத் தவறவிடாதீர்கள். மூன்று கொதிகலன்களில் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். 15 மீட்டருக்கு மேல் உயரம். மற்றவை இருந்த இடத்தில் வேட்டைக் காட்சிகள் கொண்ட பழைய ரோமானிய மொசைக் தரை ஒன்று விரிந்து கிடக்கிறது. போப் ஒன்பதாம் பயஸ் பயணம் செய்த ரயில் பெட்டிகளும் 2016 முதல் இங்கேதான். மெட்ரோ பி தடத்தில் கர்பத்தெல்லா நிறுத்தத்தில் இறங்கி நடந்து போய்விடலாம். திங்கட்கிழமை விடுமுறை.