நோர்ட்லிங்கன்: மதிலுக்குள் இரண்டு இரவு

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் தகுதிக்கு மீறிப் புகழ்ந்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகராட்சியின் முன்னாள் தலைவர் ஐயா அவர்களே, கூட்டத்துக்கு இடம் தந்து மின்விசிறிக்கும் கணக்குப் பார்க்காத நூலகர் அவர்களே, ஒலிபெருக்கித் தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே! பயண முகவர் நண்பர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களை இன்று கொஞ்சம் வம்புக்கு இழுப்பேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்பார்கள் நம் பெரியவர்கள். எட்டு நாளில் ஏழு நாடு என்று துண்டறிக்கை அடிப்பவர்கள் மாட்டைப் பூட்டாமலேயே வயலைச் சுற்றி வருகிறவர்கள். ஜெர்மனிக்குக் கூட்டிப்போவார்கள், பழைய ஊர் ஒன்றின் வாசலில் பேருந்து நிற்கும், "நாற்பத்தைந்து நிமிஷம்" என்பார் வழிகாட்டி. அதில் கால் மணி நேரம் கழிப்பறை வரிசைக்கே போய்விடும். அங்கே பொதுக் கழிப்பறைக்குப் பெரும்பாலும் சில்லறைக் காசு போட வேண்டும், அது பையில் இருக்காது. மிச்ச நேரத்தில் பார்த்தது மதிலா கடைவீதியா என்று ஊர் திரும்பிய பிறகு படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே இன்று ஒரே ஊர். பவேரியா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் நோர்ட்லிங்கன். நான்கு செய்திகள் சொல்கிறேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: ஊர் உட்கார்ந்திருக்கும் பள்ளம், மதில், கோபுரம், சாப்பாடும் செலவும். முடிந்தவரை சொல்கிறேன்.

முதலில் பள்ளம். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று அங்கே வந்து விழுந்தது. அது தோண்டிய குழியின் குறுக்களவு சுமார் 25 கிலோமீட்டர். இன்று அது வயலும் கிராமமுமாக இருக்கும் சமவெளி. ரீஸ் என்று பெயர். அந்தக் குழிக்குள்தான் இந்த ஊர். நெடுங்காலம் அதை எரிமலைப் பள்ளம் என்றே நினைத்திருந்தார்கள். 1960-இல் ஷூமேக்கர், சாவ் என்ற இரண்டு நிலவியலாளர்கள் அங்குள்ள பாறையில் கோஸைட் என்ற கனிமம் இருப்பதைக் காட்டினார்கள். பேரழுத்தத்தில் மட்டுமே உருவாகும் கனிமம் அது. எரிமலைக்கு அவ்வளவு வலு கிடையாது. வழக்கு அதோடு முடிந்தது. 1970-இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் நிலவுக்குப் போகுமுன் பாறைகளைப் படிக்க இங்கே வந்தார்கள். நிலவுக்குப் போகிறவனே அங்கே தங்கிப் படித்துவிட்டுப் போனான். நமக்கு நாற்பத்தைந்து நிமிஷம் போதுமாம்!

இந்தப் பாறைக்கு சுவைட் என்று பெயர். ஊர் நடுவில் நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தை அதைக் கொண்டுதான் கட்டியிருக்கிறார்கள். சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். சாம்பல் நிறத்தில், லேசாகப் பச்சை தட்டிய கல். அதற்குள் அடர்ந்த நிறத்தில் நீளவாக்கில் அமுங்கிய சில்லுகள் பதிந்திருக்கும். உருகித் தெறித்து, விழுந்து, இறுகிப்போன கண்ணாடி அது. நுண்ணிய வைரத் துகள்களும் இந்தப் பாறையில் உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நகத்தால் சுரண்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். சுவைட் நுண்துளைகள் நிறைந்த கல். மழைநீர் உள்ளே இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரியும், மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். எங்கே புதுக்கல் வைத்துப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்பதை நிற வேறுபாட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ரீஸ் விண்கல் பள்ள அருங்காட்சியகம் 1503-இல் கட்டிய பழைய களஞ்சியக் கட்டடத்தில் இருக்கிறது. நிலவிலிருந்து கொண்டுவந்த கல் ஒன்றும் அங்கே உண்டு. திங்கட்கிழமை அது மூடியிருக்கும். முகவர் நண்பர்களே, உங்கள் நிகழ்ச்சி நிரல் எந்தக் கிழமையில் போய் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மதில். 2.7 கிலோமீட்டர் சுற்று. ஜெர்மனியில் கூரையோடு கூடிய மதில் நடையில் ஊரை முழுச்சுற்றும் சுற்றிவர முடிகிற ஊர் என்று இதைத்தான் சொல்வார்கள். 1327-இல் லூட்விக் மன்னர் ஆணையால் தொடங்கிய வேலை. அதற்கு முன் உள்ளே சின்ன மதில் வட்டம் ஒன்று இருந்தது. அது போய்விட்டது, ஆனால் அது நின்ற தடத்தில் தெருக்கள் இன்றும் வளைந்து போகின்றன. ஊர்ப் படத்தை விரித்தால் வட்டத்துக்குள் வட்டம் தெரியும். வாசல்கள் ஐந்து: டைனிங்கர், லோப்சிங்கர், பால்டிங்கர், பெர்கர், ரைம்லிங்கர். பெரும்பாலும் எந்தச் சாலை எங்கே போகிறதோ அந்த ஊரின் பெயர் அந்த வாசலுக்கு.

எப்படி நடப்பது? ரயில் நிலையம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. பெட்டியை முதலில் விடுதியில் போட்டுவிடுங்கள். கற்பாவிய தெருவில் சக்கரப் பெட்டி இழுத்தால் முதலில் உடைவது சக்கரம், அடுத்தது பொறுமை. பிறகு டைனிங்கர் வாசலில் ஏறி, வடக்கே லோப்சிங்கர் வாசலை நோக்கி நடங்கள். அப்படிப் போனால் ஊர் எப்போதும் இடக்கைப் பக்கம். வலப்பக்கம் கனத்த சுவர். அதில் அம்புக்கும் துப்பாக்கிக்கும் விட்ட ஒடுங்கிய துளைகள். நின்று நின்று போனால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஓட்டுக்கூரை இருப்பதால் மழை பெய்தாலும் நடக்கலாம். கூட்டம் கடைக்குள் ஒதுங்கும் மழை நேரமே நடக்க நல்ல நேரம். குறுக்கு உத்திரங்கள் தாழ்வானவை, உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை வண்டி மேலே ஏறாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே மதிலின் உட்புறத் தெருவிலேயே சுற்றி வரலாம். நட்டம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் மதிலோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னஞ்சிறு வீடுகளை அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும். அன்று படைவீரர்கள் தங்குவதற்குக் கட்டியவை. இன்றும் குடித்தனம் நடக்கிறது, ஜன்னலில் பூந்தொட்டி இருக்கிறது. எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். அது யாரோ ஒருவருடைய சமையலறை.

பால்டிங்கர் வாசலுக்கு மட்டும் மேலே கோபுரம் கிடையாது; இடிந்து விழுந்ததை மறுபடி எழுப்பவில்லை. லோப்சிங்கர் வாசலுக்குள் மதில் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வாசலைப் பற்றித்தான் கதை. செயலாளர் மணியைத் தொட வேண்டாம், இந்தக் கதையைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

ஆண்டு 1440 என்பது ஊர் வழக்கு. பக்கத்து ஊர் ஓட்டிங்கன் பிரபுவுக்கு இந்த ஊர்மேல் ஒரு கண். சண்டை போட்டுப் பிடிக்க முடியாது, மதில் அப்படி. என்ன செய்வான்? மதிலை உடைக்க முடியாதவன் மதில்காரனை உடைப்பான். லோப்சிங்கர் வாசல் காவலர்களுக்குக் கையூட்டு போகிறது. ராத்திரி கதவைச் சாத்துகிற மாதிரி சாத்துங்கள், தாழ்ப்பாள் மட்டும் போடாதீர்கள், அவ்வளவுதான் வேலை. இருட்டு. ஊர் அடங்கிவிட்டது. இந்த நேரத்தில் ஒரு நெசவாளியின் மனைவி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். எதற்கு? புருஷனுக்கு பீர் வாங்கிவர! (அம்மாக்கள் முறைக்கிறீர்கள்; கதை அவர்கள் ஊர்க் கதை, நான் கூட்டிச் சொல்லவில்லை.) வாசலருகே வருகிறாள். அங்கே யாரோ வளர்க்கிற பன்றி ஒன்று, பட்டியிலிருந்து தப்பி வந்தது, முதுகு அரிப்பெடுத்துப் பெரிய கதவில் உரசிக்கொண்டிருக்கிறது. உரச உரசக் கதவு ஆடுகிறது. ஆடுகிறதா? தாழிட்ட கதவு எப்படி ஆடும்? அவளுக்குப் புரிந்துவிட்டது. போட்டாளே ஒரு கூச்சல்: "ஸோ, க்ஸெல், ஸோ!" அப்படியா சங்கதி, தோழா, என்கிற தோரணை. ஊர் விழித்தது, கதவு தாழிடப்பட்டது, கையூட்டு வாங்கியவர்கள் உயிரோடு தப்பவில்லை. ஊரைக் காப்பாற்றியது படை இல்லை, பிரபு இல்லை. ஒரு பெண்ணும் ஒரு பன்றியும்! இன்றைக்கும் ஊரில் ஆங்காங்கே வண்ணம் பூசிய பன்றிச் சிலைகள் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

காவலர்கள் தூங்காமல் இருக்கிறார்களா என்று கோபுரத்திலிருந்து கேட்கும் குரல்தான் அது, கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் மேடைக்குப் பன்றிதான் பொருத்தம்.

அந்தக் கூச்சல் இன்னும் நிற்கவில்லை. தேவாலயக் கோபுரத்தில் சம்பளத்துக்குக் காவலர் இன்றும் இருக்கிறார். இரவு 10 மணியிலிருந்து 12 மணி வரை அரை மணிக்கொரு தரம் மேலிருந்து அதே வார்த்தையைக் கூவுகிறார். இதைக் கவனியுங்கள்: இரவு பத்து மணிக்கு! சுற்றுலாப் பேருந்து எப்போது கிளம்பும்? சாயங்காலம் ஐந்துக்குள். ஆக, பகலில் வந்து போகிறவன் காதில் இது விழவே விழாது. அகல உழுவதை விட ஆழ உழு என்று நான் தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான்.

அந்தக் கோபுரத்துக்கு டானியல் என்று செல்லப்பெயர். உயரம் 90 மீட்டர், படிகள் 350, மின்தூக்கி கிடையாது. கீழே கல் சுழற்படி, மேலே போகப் போக மரப்படி. வழியில், ஆள் உள்ளே நின்று நடந்து சுழற்றும் பெரிய மரச்சக்கரம் ஒன்றைப் பார்க்கலாம்; பாரம் தூக்கிய பழைய பொறி. நுழைவுக் கட்டணத்தை மேலே காவலர் அறையில்தான் வாங்குவார்கள், சில்லறையை எடுத்துக்கொண்டே ஏறுங்கள். கீழே மறந்துவிட்டு வந்தவருக்கு மறுபடியும் 350 படி! மேலே காற்று பலமாக இருக்கும். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். வெளி மாடத்தில் நின்றால் ஓட்டுக்கூரைகள் வட்டமாக, அதைச் சுற்றி மதில், அதற்கப்பால் வயல், வெகுதொலைவில் காடு அடர்ந்த விளிம்பு. அந்த விளிம்புதான் விண்கல் பள்ளத்தின் கரை. தெளிந்த நாளில் 99 கிராமம் தெரியும் என்பது உள்ளூர்ப் பேச்சு. எண்ணிப் பார்க்கவாவது ஒரு நாள் வேண்டாமா?

இந்த ஊர் ஏன் இப்படியே நின்றது? பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர்தான். 1634-இல் ஊருக்கு வெளியே பெரும் போர் நடந்தது. முற்றுகையில் ஊர் நொடித்தது, வணிகம் திரும்பி வரவில்லை. இடித்துக் கட்டவும் விரித்துக் கட்டவும் பணமில்லை. வறுமை காத்த அழகு என்று அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அழகு நமக்கு, வறுமை அவர்களுக்கு.

எகர் ஓடையை ஒட்டித் தோல் பதனிடுவோர் பகுதி இருக்கிறது. மாடியில் திறந்த தாழ்வாரங்கள், தோல் உலர்த்த. நகர மன்றத்தின் வெளிப்புறக் கற்படிக்கட்டை 1618-இல் கட்டினார்கள். அதன் அடியில் பழைய சிறைக் கதவு, பக்கத்தில் ஒரு கோமாளியின் உருவம், "இப்போது நாம் இருவர்" என்ற வாசகம். வாசிக்கிறவர் யாரோ அவர்தான் இரண்டாவது கோமாளி. முன்னாள் தலைவர் ஐயா சிரிக்கிறார்கள். நம் நகராட்சிக் கட்டடத்திலும் ஒன்று வைத்திருக்கலாம்.

போகும் வழி. மியூனிக்கிலிருந்து ஔக்ஸ்பர்க் வழியாக டோனாவெர்த், அங்கே வண்டி மாறி சுமார் அரை மணி நேரம். ஐந்து பேர் வரை சேர்ந்து பவேரியா நாள்சீட்டு வாங்கலாம். அதில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்: வாரநாளில் காலை 9 மணிக்கு முன் அது செல்லாது, ஐசிஇ போன்ற விரைவு வண்டியில் செல்லாது, பயணிகள் பெயரை எழுதாத சீட்டும் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, தண்ணீரும் பழமும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

சாப்பாடும் செலவும் பாக்கி இருக்கிறது. பேராசிரியர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள். அது வேறு கூட்டத்துக்கு ஆகட்டும்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கழகத்தின் அடுத்த ஐரோப்பியப் பயணத்தில் மூன்று நாடுகளை வெட்டிவிட்டு நோர்ட்லிங்கனில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் தாள் இருக்கிறது. சம்மதிப்பவர்கள் பெயரும் கைபேசி எண்ணும் எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள், மதிலுக்கு அருகிலேயே கீழ்த்தள அறை பார்க்கச் சொல்வோம். எந்த முகவர் இந்த இரண்டு இரவுக்கு ஒப்புக்கொள்கிறாரோ, பயணம் அவரோடுதான்.