வரலாற்றை நகர்த்தினது நம்பிக்கைதான் (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணியிலயும் இருக்கிற பேச்சாளர்களுக்கும், இவ்ளோ நேரம் பொறுமையா உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

உலக வரலாற்றைப் பெரிசா நகர்த்தினது தெய்வ நம்பிக்கையா, வாளும் பணமுமா, இதான் தலைப்பு. எதிரணி அண்ணன் இப்பதான் பேசிட்டு உக்காந்தார், நல்லாவே பேசினார், ஆனா மொத்தப் பேச்சோட சாரமும் ஒரே வரிதான். சாமிங்கிறது ஒரு போர்வை, உள்ள இருக்கிறது நிலமும் காசும் வயிறும், போர்வையை விலக்கிப் பாருங்கன்னார். சரிங்கண்ணே, விலக்கியே பாத்துருவோம்.

முதல்ல பிரான்ஸுக்குப் போவோம், 1429. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நூறாண்டுப் போர் நடந்துட்டிருக்கு, வடக்குப் பக்கம் இங்கிலாந்துக்காரன் கையில, பாரிஸும் அவங்க பக்கம், பிரெஞ்சு இளவரசர் சார்லஸுக்கு முடிசூட்டே நடக்கல. ஆர்லியன்ஸ் ஊரை முந்தின வருஷம் அக்டோபர்லேர்ந்து முற்றுகை போட்டு வெச்சிருக்காங்க. பிப்ரவரில முற்றுகைப் படைக்குச் சாப்பாடு கொண்டுபோன வண்டிகளை மறிக்கப் போன பிரெஞ்சுப் படை, வண்டில இருந்த மீன் பீப்பாயைக்கூடப் பிடிக்க முடியாம தோத்து ஓடிவந்துச்சு. வாள் இருந்துச்சு, குதிரை இருந்துச்சு, பேர் பெற்ற தளபதிகள் இருந்தாங்க, ஆனா ஜெயிக்க முடியும்னு நினைக்க ஒரு ஆள் இல்ல.

அப்ப டோம்ரெமிங்கிற கிராமத்துலேர்ந்து எழுதப் படிக்கத் தெரியாத பதினேழு வயசுப் பொண்ணு ஒண்ணு வருது, புனித மைக்கேலும் கேத்தரினும் மார்கரெட்டும் என்கூடப் பேசுறாங்க, இளவரசரைக் கூட்டிட்டுப் போயி முடிசூட்டணும்னு சொல்றாங்கங்குது. ஜோன் ஆஃப் ஆர்க். ஏப்ரல் 29ல ஆர்லியன்ஸுக்குள்ள போறா, மே 8ல முற்றுகை முடிஞ்சுபோச்சு. அவகூட உதவிப் படையும் தானியமும் போச்சுங்க, நான் மறைக்கல, ஆனா உதவிப் படை அதுக்கு முன்னாடியும்தான் போச்சு, என்ன ஆச்சுன்னு இப்பதான் சொன்னேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஜெயிச்ச கையோட நார்மண்டியை அடிக்கலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு, படைக் கணக்குப்படி அது நியாயமான யோசனை. ஜோன் மாட்டேன்னுட்டா. ரீம்ஸுக்குப் போகணும்னா, எதிரிக்கு வேண்டப்பட்ட ஊர்கள் வழியா, நடு எதிரி நாட்டுல. ஏன் ரீம்ஸ்? அந்தக் காலத்துல முதல்ல கிறிஸ்தவரான குளோவிஸ் ராஜாவோட ஞானஸ்நானத்துக்கு வானத்துலேர்ந்து ஒரு புறா கொண்டுவந்துச்சுன்னு நம்பின எண்ணெய்க் குப்பி அங்கதான் இருக்கு, அந்த எண்ணெய் நெத்தில பட்டாத்தான் பிரான்ஸ் ஜனத்துக்கு அவர் ராஜா. அந்தச் சின்னக் குப்பிக்காக ஒரு படையே கிளம்புது, வழியில ட்ருவா நகரம் கதவைத் திறக்குது, சாலோன் திறக்குது, ஜூலை 17ல முடிசூட்டு. நடுவர் அவர்களே, இது போர்வையா? இந்த எண்ணெயை எடுத்துட்டா அந்தப் படை அந்தத் திசைக்கே போயிருக்காதே.

சரி, நாங்க நம்பிக்கை நம்பிக்கைன்னு சொல்றோம், வாளும் பணமும் வெச்சிருந்தவங்க என்ன நெனச்சாங்கன்னு பாருங்க. 1430ல அவளைப் பிடிச்சது இங்கிலாந்தோட கூட்டாளிங்களான பர்கண்டிக்காரங்க, அவங்ககிட்டேர்ந்து இங்கிலாந்து 10,000 லிவ்ர், அதாவது அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம், குடுத்து வாங்குச்சு. வாங்கி உடனே வெட்டிப் போட்டிருக்கலாம்ல? செய்யல. ரூவான் ஊருல கோஷோன் பிஷப்பைத் தலைமையா வெச்சு, டஜன் கணக்குல இறையியல் படிச்சவங்களைக் கூட்டிவந்து, மாசக்கணக்குல விசாரிச்சாங்க. ஏன்னா அவளைக் கொன்னா மட்டும் போதாது, அவ கேட்ட குரல் பிசாசோட குரல்னு நிரூபிக்கணும், அப்பதான் ரீம்ஸ்ல வெச்ச கிரீடமும் பிசாசு வெச்ச கிரீடம் ஆகும். பணம் குடுத்தவனுக்கே தெரிஞ்சிருக்கு எது இங்க பெரிய ஆயுதம்னு.

அந்த விசாரணையில ஒரு கேள்வி. நீ கடவுளோட அருள்ல இருக்கேன்னு உனக்குத் தெரியுமான்னு கேக்குறாங்க. தெரியும்னா அது மதக்குற்றம், ஏன்னா அதை எந்த மனுஷனும் உறுதியா சொல்ல முடியாதுங்கிறது சபையோட கொள்கை, தெரியாதுன்னா தன் வாயாலயே தன்னைப் பாவின்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அவ சொன்னா, இல்லேன்னா கடவுள் என்னை அதுல சேக்கட்டும், இருந்தேன்னா கடவுள் என்னை அதுலயே வெச்சிருக்கட்டும்னு. கேள்வி கேட்டவங்க திகைச்சுப் போனதா எழுத்தர்ல ஒருத்தர் பின்னாடி சொல்லியிருக்கார். இதை எப்பப் படிச்சாலும் எனக்கு மனசு கனத்துப் போகும், சுமார் பத்தொம்பது வயசுப் பொண்ணுங்க, வக்கீல் கிடையாது, கால்ல சங்கிலி. 1431 மே 30ல எரிச்சாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல இங்கிலாந்துக்காரங்க தங்களோட சின்னப்பையன் ராஜாவுக்குப் பிரான்ஸ் கிரீடத்தைப் பாரிஸ்ல வெச்சுச் சூட்டினாங்க, ரீம்ஸ் கைக்கு எட்டல. சார்லஸ் ராஜாவாவே இருந்தார், 1453க்குள்ள கலே துறைமுகமும் அதைச் சுத்தின இடமும் தவிர மத்ததெல்லாம் பிரான்ஸ் கைக்கு வந்துருச்சு.

அண்ணன் அடுத்து வயித்துக்கு வந்தார். பசி வந்தா பத்தும் பறந்துபோகும், சாமியும் பறந்துபோகும்னார், கைதட்டலும் வாங்கினார். அண்ணே, அதுக்குப் பதில் தென்னாப்பிரிக்காவுல இருக்கு, அதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

கோசா மக்கள்னு ஒரு இனம். மாடுதான் அவங்களுக்கு எல்லாம், பால் அதுலதான், கல்யாணத்துக்கு மாடு, முன்னோருக்குப் படையல்னா மாடு, ஒருத்தனோட மதிப்பே தொழுவத்தை வெச்சுத்தான். பிரிட்டிஷ்காரங்களோட திரும்பத் திரும்பப் போர், எட்டாவது எல்லைப் போர் 1853ல தோல்வியில முடியுது, அதே வருஷம் ஐரோப்பாவுலேர்ந்து கப்பல்ல வந்த மாடுங்க மூலமா நுரையீரல் நோய் இறங்குது, மந்தை மந்தையா சாகுது. நடுவுல ஒரு செய்தி, தங்களை அடிச்ச பழைய கவர்னர் கேத்கார்ட் 1854ல கிரைமியாப் போர்ல ரஷ்யாக்காரங்க கையால செத்துட்டார்னு. யாரோ நமக்காகச் சண்டை போடுறாங்க, நம்ம செத்துப்போன வீரர்கள்தான் ரஷ்யாக்காரங்களா வந்திருக்காங்கன்னு பேச்சு பரவுது.

1856ல ஒரு நாள், நோங்கவூசேன்னு ஒரு பொண்ணு, பதினஞ்சு வயசு இருக்கும், இன்னொரு சின்னப் பொண்ணோட, க்ஸார்ஹா ஆத்து முகத்துவாரத்துக்கிட்ட பயிர்ல குருவி விரட்டிட்டு இருக்கா. ரெண்டு அந்நியர் தெரியுறாங்க. செத்தவங்க எல்லாரும் எழுந்து வரப்போறாங்க, புது மாடு வரும், புதுத் தானியம் வரும், அதுக்கு இப்ப இருக்கிற மாட்டையெல்லாம் வெட்டணும், இருக்கிற தானியத்தைத் தூக்கிப் போடணும், விதைக்கக் கூடாது, புதுசா பெரிய பட்டி கட்டுங்க, பெரிய குழி வெட்டுங்கன்னு சொல்றாங்க. அவ பெரியவங்க வரைக்கும் சேதி போகுது, அப்புறம் சர்ஹிலி ராஜா வரைக்கும். ராஜாவே அந்த ஆத்துக்கு நேர்ல போயிட்டு வந்து வெட்டச் சொல்லிட்டார்.

வெட்டினாங்க. சுமார் 4 லட்சம் மாடுங்க. குறிச்ச நாள் ஒண்ணு வந்துபோச்சு, யாரும் எழுந்து வரல. உடனே நம்பிக்கை போயிருக்கணும்ல அண்ணன் கணக்குப்படி? போகல, எல்லாரும் வெட்டல, சில பேர் ஒளிச்சு வெச்சிருக்காங்க, அதான் வரலன்னாங்க, நம்பினவன் நம்பாதவனைக் குத்தம் சொன்னான், அண்ணன் தம்பியே ரெண்டு பட்டான், இன்னும் வெட்டினாங்க. 1857 பிப்ரவரில அடுத்த நாள் குறிச்சு, குடிசைக் கூரையை எல்லாம் பலப்படுத்திட்டுக் காத்திருந்தாங்க. சூரியன் வழக்கம்போல உதிச்சு வழக்கம்போல மறைஞ்சுது. பட்டினியில சுமார் 40,000 பேர் செத்தாங்க. உயிரோட இருந்தவங்கள்ல பல்லாயிரம் பேரை அப்போதைய பிரிட்டிஷ் கவர்னர் கிரே கூலி வேலைக்கு வெள்ளைக்காரப் பண்ணைகளுக்கு அனுப்பினார், சுமார் 6 லட்சம் ஏக்கர் நிலம் போச்சு. அத்தனை போர்ல பீரங்கி உடைக்க முடியாததை இது உடைச்சுது.

இதைச் சொல்றப்போ அந்த மக்களை முட்டாள்னு யாரும் நினைச்சுரக் கூடாது, அதுல எனக்கு ரொம்ப அக்கறை உண்டு. நிலம் போயி, மாடு நோயில செத்து, வழியெல்லாம் அடைஞ்சப்போ, செத்த அப்பா அம்மா திரும்பி வருவாங்கன்னு ஒரு குரல் கேட்டா யாருக்குத்தான் கால் நகராது? நிலப்பறிப்பு காரணம் இல்லையான்னு அண்ணன் கேப்பார். காரணம்தாங்க, நூத்துக்கு நூறு. ஆனா நிலம் போன எந்தக் கணக்கும் "இருக்கிற மாட்டையும் வெட்டு"ன்னு சொல்லாது. வயிறு சொல்லவே சொல்லாது.

சீனாவையும் அண்ணன் இழுத்தார், தைப்பிங் கிளர்ச்சி பஞ்சத்தால வந்ததுன்னு. பஞ்சம் அங்க பல காலமா உண்டு, கலகமும் உண்டு. ஆனா இந்தக் கிளர்ச்சிக்குத் தலைவர், அரசுத் தேர்வுல திரும்பத் திரும்பத் தோத்த ஹாங் ஷியூசுவான், 1837ல உடம்பு சரியில்லாம கிடந்தப்ப ஒரு காட்சி கண்டார், சில வருஷம் கழிச்சு ஒரு கிறிஸ்தவப் பிரசுரத்தைப் படிச்சு, நான் ஏசுவோட தம்பின்னு முடிவு பண்ணினார், 1853ல நான்ஜிங்கையே பிடிச்சுத் தலைநகர் ஆக்கினார். 1864ல அடங்குறப்போ 2 கோடிப் பேர் செத்திருந்தாங்கன்னு மதிப்பிடுறாங்க. அந்த ராஜ்ஜியத்துல ஆரம்பத்துல புருஷனையும் பொண்டாட்டியையும்கூடத் தனித்தனி முகாம்ல வெச்சாங்க, அபின் கிடையாது, சொத்தெல்லாம் பொதுக் கஜானாவுக்கு. வெறும் சோத்துக்குச் சேந்த கூட்டம்னா இதுக்கெல்லாம் கட்டுப்படுமா?

இன்னொண்ணு, தலைப்புல நம்பிக்கை நல்லது பண்ணுச்சான்னு கேக்கல, நகர்த்துச்சான்னுதான் கேட்டிருக்காங்க. அதனாலதான் வலிக்கிற உதாரணத்தையும் சேத்தே கொண்டுவந்தேன், நல்லதை மட்டும் காட்டி ஜெயிக்கிறது நியாயம் இல்ல.

மணி அடிச்சுட்டாங்க. எதிரணில அடுத்துப் பேச வர்ற சகோதரிக்கு ஒரே கேள்வி வெச்சுட்டு உக்காந்துர்றேன். ரீம்ஸ்ல இருந்த எண்ணெயை விட்டுட்டு அந்தப் படை ஏன் அங்க போச்சுன்னும், நோங்கவூசே கேட்ட குரலை விட்டுட்டு அந்த 4 லட்சம் மாடு ஏன் வெட்டுப்பட்டுச்சுன்னும் வாளையும் பணத்தையும் மட்டும் வெச்சு விளக்கட்டும், விளக்கிட்டா எங்க அணி தோத்ததா நடுவர் எழுதிக்கலாம். நன்றி, வணக்கம்.