பின்வரிசையில் உட்காரப் பழகுவோம்

(மாவட்டச் சாரண ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கும் சாரண ஆசிரியர்களே, சாரணிய ஆசிரியைகளே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை எடுத்துக்கொண்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு மாநாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 2024 கோடையில், கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் அது நடந்தது. நான் வசிக்கும் ஊரின் சாரணர் குழுவோடு, பெரியவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். அங்கே பார்த்ததில் ஒரு விஷயம் நம் பள்ளிகளுக்கு அவசரமாகத் தேவை என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் இந்த மாநாடு யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். ‘ஆர்டர் ஆஃப் தி ஏரோ’ என்று ஓர் அமைப்பு. அமெரிக்கச் சாரணர் இயக்கத்துக்குள்ளேயே இருக்கும் கௌரவ அமைப்பு. 1915ஆம் ஆண்டு, பிலடெல்பியா சாரணர்களுக்கு டெலவேர் ஆற்றின் நடுவே ஒரு தீவில் கோடை முகாம் இருந்தது. ட்ரெஷர் ஐலண்ட் என்று பெயர். அந்த ஆண்டு முகாமை நடத்தியவர் அர்னர் குட்மன். வயது 24. அவருக்குத் துணையாக இருந்த கேரல் எட்சன் அவரைவிடச் சில மாதம் இளையவர். முகாமில் மற்றவர்களுக்காக முகம் சுளிக்காமல் உழைக்கிற பையன்களை எப்படி அடையாளம் காண்பது என்று இருவரும் யோசித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி இதுதான்: முகாம் தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டாம், கூட இருக்கும் பையன்களே தேர்ந்தெடுக்கட்டும்.

இன்றைக்கும் அந்த முறை மாறவில்லை. ஒரு படையில் தகுதியுள்ள சாரணர்களின் பெயர்களை முன்வைத்து, அந்தப் படையின் பிள்ளைகள் அத்தனை பேரும் வாக்களிக்கிறார்கள். கௌரவ அமைப்பில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் மட்டும் கூடி முடிவு செய்கிற வேலை இல்லை. நேற்றுச் சேர்ந்த பொடியனுக்கும் ஒரு வாக்கு உண்டு. ஆசிரியருக்கு வாக்குக் கிடையாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் முன்னால் பணிவாக நடந்துகொண்டு, அந்தப் பக்கம் திரும்பியதும் சின்னப் பையன்களை வேலை வாங்குகிற மாணவன் நம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. நம் கண்ணுக்கு அவன்தான் சிறந்த சாரணன். கூடாரத்தில் அவனோடு தூங்கியவர்களைக் கேட்டால் தெரியும் சேதி.

இந்த அமைப்பு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேசிய மாநாடு நடத்துகிறது. ‘நோயாக்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆரம்பத்தில் சாரணர் முகாம்களில் கூடினார்கள், 1946இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தில்கூடக் கூடியிருக்கிறார்கள். 1948இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அதிலிருந்து பல்கலைக்கழக வளாகங்கள்தான். நூற்றாண்டு விழாவான 2015 மாநாட்டுக்கு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுமார் 15,000 பேர் கூடினார்கள்.

ஏன் கல்லூரி வளாகம்? கோடை விடுமுறையில் விடுதிகள் காலியாகக் கிடக்கும். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப் பழகிய உணவுக்கூடம் இருக்கும். நூறு வகுப்புகளை ஒரே நேரத்தில் நடத்த அறைகள் இருக்கும். மாலையில் எல்லாரும் ஒன்றாக உட்கார உள்விளையாட்டரங்கம் இருக்கும். இவையெல்லாம் வசதிக்கான காரணங்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு பல்கலைக்கழகத்துக்குள் சொந்தக்காரனைப் போல நடமாடுகிறான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அறைச் சாவி, எந்தக் கட்டடத்தில் எந்த வகுப்பு என்று அவனே தேடிப் போகிறான். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போல்டர் ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர். பல்கலைக்கழகக் கட்டடங்கள் எல்லாம் செந்நிற மணற்கல், ஓட்டுக் கூரை. அவற்றுக்குப் பின்னால் ஃபிளாட்டயர்ன்ஸ் என்கிற சாய்ந்த பாறைகள் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். உயரமான இடம் என்பதால் கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். தாகம் தெரியாமலே உடம்பு வற்றிவிடும். தண்ணீர் குடிக்கச் சொல்லி எல்லாரையும் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். யார் விரட்டினார்கள் என்று கேளுங்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

நான் பேச வந்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். அந்த மாநாட்டை நடத்துகிறவர்கள் இளைஞர்கள். இந்த அமைப்பில் 21 வயது நிரம்பாதவர்கள்தான் இளைஞர் கணக்கு, வாக்குரிமையும் பதவியும் அவர்களுக்கு மட்டுமே. உள்ளூர்க் கிளைக்கு ஒரு தலைவர், பல கிளைகள் சேர்ந்த பிரிவுக்கு ஒரு தலைவர், நாடு முழுவதற்கும் ஒரு தேசியத் தலைவர். மூவரும் 21க்குக் கீழ். பிரிவுத் தலைவர்கள் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் டெக்சஸ் மாநிலத்தில் கூடித் தேசியத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயிற்சி வகுப்புகள், மேடை நிகழ்ச்சிகள், பொழுதுபோக்கு என்று மாநாட்டின் துறைகளுக்கும் இளைஞர்களே பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் ஆலோசகராக இருப்பார். அவர் ஆலோசனை சொல்வார், முடிவு செய்ய மாட்டார்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, உண்மையில் அப்படி நடக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். எனக்கும் இருந்தது. ஒரு வகுப்பறையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் அதற்குப் பிறகு வருவதே இல்லை, அவர்களை எப்படி வரவழைப்பது என்பது அன்றைய தலைப்பு. எல்லாக் கிளைக்கும் இருக்கிற தலைவலி. அறையில் ஐம்பது பேர் இருக்கலாம். வகுப்பு எடுத்தது பதினேழு வயதிருக்கும் ஒரு பெண். தோளில் வெள்ளைப் பட்டை, அதில் சிவப்பு அம்பு. மடிக்கணினியைச் செருகினாள், திரையில் ஒன்றும் வரவில்லை. கம்பியைக் கழற்றி மறுபடி செருகினாள். நீலத் திரைதான். பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய ஆலோசகர், அறுபதைத் தாண்டியவர். அவர் மடியில் ஒரு பை, ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே விதவிதமான இணைப்புக் கம்பிகள் சுருட்டி வைத்திருந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மனுஷர் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கை பரபரத்தது. குனிந்து அவரிடம், உங்களிடம்தான் கம்பி இருக்கிறதே என்றேன். “அவள் இன்னும் கேட்கவில்லையே” என்றார்.

ஒரு நிமிடம் போயிருக்கும். அந்தப் பெண் மடிக்கணினியை மூடினாள். “சரி, நாற்காலிகளைத் திருப்பிப் போடுங்கள், நாலு வட்டமாக உட்காரலாம்” என்றாள். உங்கள் ஊரில் வராமல் போன ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், அவன் ஏன் வரவில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள் என்றாள். அவ்வளவுதான், அறையே கலகலத்துவிட்டது. முகாமுக்குப் போக வண்டி இல்லாத பிள்ளை, அம்மா வேலைக்குப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளை, அங்கே யாரையும் தெரியாதே என்று தயங்கிய பிள்ளை. படக்காட்சியில் இவை எதுவும் வந்திருக்காது. முடிந்தபின் அவள் பின்வரிசைக்கு வந்து ஆலோசகரிடம் கேட்ட முதல் கேள்வி, “கம்பி இருக்கா?” அடுத்த வகுப்புக்குத் தேவைப்பட்டது. எடுத்துக் கொடுத்தார்.

ஆலோசகரின் வேலை இதுதான் என்று எனக்கு அங்கே புரிந்தது. பையில் கம்பி இருக்க வேண்டும். கேட்கும்வரை கை நீளக் கூடாது.

இன்னொன்றையும் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் அதிகாரத்தைக் கொடுப்பது என்றால் பிள்ளைகளைக் கைவிடுவது என்று அர்த்தமில்லை. அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் வரலாற்றில் மிகவும் இருண்ட பக்கம் ஒன்று உண்டு. பல பத்தாண்டுகளாக, நம்பி ஒப்படைக்கப்பட்ட சிறுவர்கள் பெரியவர்களால் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வழக்குகள் குவிந்து 2020 பிப்ரவரியில் அந்த இயக்கம் திவால் மனு கொடுத்தது. 82,000க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கேட்டார்கள். சுமார் 246 கோடி டாலர் இழப்பீட்டு நிதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த 82,000 என்பது வெறும் எண் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு குழந்தை. இன்று அங்கே எந்த நிகழ்ச்சியிலும் 21 வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருந்தாக வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காதவர் தலைவராகப் பதிவு செய்யவே முடியாது. மாநாட்டு விடுதியிலும் இதே கண்டிப்புத்தான். நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்பது பிள்ளைகளின் முடிவு, அவர்களின் பாதுகாப்பு பெரியவர்களின் பொறுப்பு, இதில் பேரம் கிடையாது. நம் மாவட்டத்திலும் முகாம் ஏற்பாட்டின் முதல் பக்கத்திலேயே இந்த விதிகள் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்கப் பழங்குடி மக்களின் உடையையும் சடங்கையும் எடுத்துத் தங்கள் விழாக்களில் பயன்படுத்தி வந்ததைப் பற்றியும் அந்த அமைப்பில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. அதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அது சரியான திசை என்பது என் கருத்து. அதற்குள் இப்போது போகவில்லை.

மாலை நேரம் பற்றி ஒரு வார்த்தை. அரங்க நிகழ்ச்சி முடிந்ததும் விடுதிக்கு முன்னால் நடைபாதை முழுக்கப் போர்வை விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு கிளைக்கும் சட்டைப் பையின் மூடி வடிவத்தில் ஒரு துணிச் சின்னம் உண்டு, அதை மாற்றிக்கொள்வதற்காக. கோப்பு நிறையச் சின்னங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிற பையன் ஒருவன், ஒன்றே ஒன்று மட்டும் கொண்டுவந்த ஒரு சின்னப் பையனோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். எந்த ஊர், அந்தச் சின்னத்தில் இருக்கிற பறவை என்ன பறவை, உங்கள் முகாமில் ஏரி இருக்கிறதா. அந்தப் பேச்சுக்குத்தான் அந்தச் சின்னம். பெரியவர்கள் நடுவில் புகுந்து பிள்ளைகளிடம் அரிய சின்னத்தை லாபத்துக்குத் தட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதால், ஜம்போரி என்கிற தேசியப் பெருமுகாம்களில் பெரியவர் பெரியவரோடும் பிள்ளை பிள்ளையோடும் மட்டும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்.

சரி, நம் கதைக்கு வருவோம். சாரணர் இயக்கத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை. ஆங்கிலேயர் நடத்திய சாரணர் படைகளில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலத்திலேயே, அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கினார்கள். ட்ரெஷர் ஐலண்ட் முகாம் நடந்த அதே பத்தாண்டுதான். 2025 தொடக்கத்தில் மணப்பாறையில் வைரவிழா ஜம்போரியை நடத்திக் காட்டினோம். நம்மால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, கூடாரம் அடித்து, அணிவகுப்பு நடத்த முடியும். அதில் சந்தேகமே இல்லை.

என் கவலை வேறு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாமை நடத்தியபோதே பிள்ளைகளை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனைத் தலைவனாக்கி, அவனிடம் உண்மையான பொறுப்பைக் கொடுத்தார். நம்மிடமும் அணி முறை இருக்கிறது. அணித் தலைவர்கள் கூடி முடிவெடுக்கிற ‘கோர்ட் ஆஃப் ஹானர்’ நம் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் நம் பள்ளிகள் எத்தனையில் அது மாதம் ஒருமுறையாவது கூடுகிறது? கூடினால், ஆசிரியர் வாய் திறக்காமல் இருக்கிறாரா? அணித் தலைவனை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரும்பாலும் நாம். எதற்கு? கொடியேற்றும்போது முன்னால் நிற்க. ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில விருதுக்கான முகாமுக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறோம், முடிச்சு கற்றுக்கொடுக்கிறோம், சான்றிதழ் வாங்கிக் கொடுக்கிறோம். நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, உன் அணிக்கு இன்று மதியச் சாப்பாட்டை நீயே பார்த்துக்கொள் என்று விட்டிருக்கிறோமா?

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். சாரணர் பொறுப்பு உங்களுக்குக் கூடுதல் வேலை. பாடம் முடிக்க வேண்டும், தேர்வுப் பணி, கணக்கெடுப்பு, எல்லாம் உண்டு. ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் உங்களைத்தான் கேட்பார்கள். அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது இயல்பு. போல்டரில் பார்த்த ஆலோசகர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் அந்த அறுபது வயதுக்காரர் பை நிறையக் கம்பியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு கோரிக்கை வைக்கிறேன். வரும் மே மாதம் நம் மாவட்டத்தில் ஏதாவது ஒரு கல்லூரியின் விடுதியைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் மாநாடு நடத்துவோம். விடுமுறையில் எப்படியும் அறைகள் பூட்டித்தான் கிடக்கும். பள்ளிக்கு நான்கு பிள்ளைகள் போதும். யார் வருவது என்பதை ஒவ்வொரு படையும் ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும், நாம் வாக்களிக்க வேண்டாம். என்ன தலைப்பு, யார் வகுப்பெடுப்பது, இரவு நிகழ்ச்சி என்ன, இருக்கிற பணத்தில் எதை விடுவது எதை வைப்பது என்று பத்து மாணவ மாணவியர் கொண்ட குழு தீர்மானிக்கட்டும். ஒவ்வொருவருக்கும் உங்களில் ஒருவர் ஆலோசகர். சமையலும் மருத்துவ உதவியும் இரவுக் காவலும் நம் பொறுப்பு. மேடையில் பொன்னாடையும் வேண்டாம், முக்கியப் பிரமுகரும் வேண்டாம், நமக்குப் பின்வரிசை நாற்காலி போதும்.

அந்தக் குழுவுக்கான தாள் ஒன்றை வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். பள்ளியின் பெயர், தேர்தல் நடத்தும் தேதி, ஆலோசகராக வர விரும்புகிறவரின் பெயர், இந்த மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. மாணவர் பெயருக்குக் கட்டம் வைக்கவில்லை. அதைத் தேர்தல் முடிந்தபின் பிள்ளைகள் எழுதி அனுப்புவார்கள். தேநீர் இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. முதல் கேள்வியைப் பின்வரிசையிலிருந்து யாராவது கேளுங்கள்.