குதிக்கிற வயதில் குதிக்க விடுங்கள்

வணக்கம். உங்கள் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதா? ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய பேன்ட் இப்போது கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கிறதா? சரி, பிள்ளைகளின் எலும்பைப் பற்றிய இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

எலும்பு உயிருள்ள திசு. பழையதை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் அதற்குள் ஓயாமல் வேலை செய்கின்றன. வளரும் வயதில் கட்டுகிற பக்கத்தின் கை ஓங்கியிருக்கும். பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் வாழ்நாளில் எட்டக்கூடிய எலும்பின் உச்ச அளவில் சுமார் 90 சதவீதம் சேர்ந்துவிடுகிறது. மளமளவென்று உயரும் அந்த இரண்டே வருடத்தில் ஏறக்குறைய கால் பங்கு சேர்கிறது!

ஆனால் எலும்பு முதலில் நீள்கிறது. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், பின்னால்தான் வந்து நிரம்புகிறது. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுந்து, கையை ஊன்றி, மணிக்கட்டுப் பக்கம் முறித்துக்கொள்வது அதிகம். கட்டுப் போட்டதோடு விளையாட்டையே நிறுத்திவிடாதீர்கள். எலும்பு ஆறியதும் மறுபடி ஓடட்டும்.

பால் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கால்சியம் வேண்டும்தான். அமெரிக்காவில் 9 முதல் 18 வயது வரை தினமும் 1300 மில்லிகிராம் என்கிறார்கள். ஒரு கோப்பைப் பாலில் சுமார் 300 இருக்கும். அதைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் உதவாது.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல வந்தது வேறு. சிறுவயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறவர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு. ஆனாலும் மட்டை பிடித்த கையின் எலும்புதான் வலுவாக இருக்கிறது. பூப்படைவதற்கு முன்பே ஆடத் தொடங்கிய பெண்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். எலும்புக்கு அதிர்வு வேண்டும். கயிறு தாண்டுவது, ஓடுவது, குதித்து இறங்குவது. நீச்சல் இதயத்துக்கு அருமையானது, ஆனால் தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அது மட்டும் போதாது. "பெரியவளாகிவிட்டாய், இன்னும் என்ன குதிப்பு?" என்று சொல்லும்போது எனக்கு மனசு பதறுகிறது. அவள் குதிக்க வேண்டிய வயதே அதுதான்.

அப்புறம், பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மெலிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கிற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். "வந்தால் தொல்லை, வராவிட்டால் நிம்மதி" என்று அவள் சொல்லாமலே இருந்துவிடுவாள். மாதவிலக்கு நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்திருக்கலாம்; அது குறைந்தால் எலும்பு தேயத் தொடங்கும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லையென்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எலும்பைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள்.